எட்டா, மூணா?

மைசூர் அக்ரஹாரத்தில் எனக்குத் தெரிந்த பழைய வீடு ஒன்றில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரரின் அப்பா குடகில் காபித் தோட்டம் பார்த்துவந்த காலத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து வாங்கியது. இப்போது அது சுடுவதில்லை. ஆயுத பூஜையன்று பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவருவார்கள். மற்ற நாட்களில் அது இருக்கிறது என்ற நினைவே வீட்டில் யாருக்கும் இருப்பதில்லை.

2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு அதை ஒப்படைக்கக் கிளம்பிய வீட்டுக்கார மாமா துணைக்கு என்னையும் கூப்பிட்டார். எழுபது தாண்டியவர், கண்ணில் புரை. போகும்முன் எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று குழலை மடித்தார். இந்தத் துப்பாக்கியில் எண் வெளியே தெரிவதில்லை. குழலுக்கு அடியில் இடது கையால் தாங்கிப் பிடிக்கிற மரத்துண்டைக் கழற்ற வேண்டும். குழலைத் தனியாக எடுத்துத் திருப்பினால், தோட்டா போடுகிற முனைக்கு அடியில், தட்டையாக இழைத்த இரும்பில் எண் அடித்திருக்கும். பழைய எண்ணெய் கறுத்து மெழுகாகப் படிந்திருந்தது. வேட்டி நுனியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். ஐந்து இலக்கம் மெல்லத் தெளிந்தது. “மூணாவது இலக்கத்தைப் பாருடா. எட்டா, மூணா?” என்றார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எட்டு. லைசென்ஸ் புத்தகத்தில் மூன்று என்று இருந்தது. பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அதிலும் மூன்றுதான். எந்த ஆண்டு, யார் கை தவறியதோ, அதன்பின் வந்த ஒவ்வொரு புதுப்பித்தலிலும் தவறு அப்படியே பிரதியாகி வந்திருக்கிறது.

அன்று இரவே அந்தத் துப்பாக்கி திருடுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதிருந்து யோசித்துவருகிறேன். புகார் மூன்றைத் தேடும். துப்பாக்கி எட்டோடு சுற்றும். ஐந்து வருஷம் கழித்து எங்கோ ஒரு வாகனச் சோதனையில் அது பிடிபட்டாலும் இரண்டையும் இணைக்க வழியிருக்காது. நகை திருடுபோனால் உருக்கிவிடுவார்கள், அதோடு முடிந்தது. துப்பாக்கியை யாரும் உருக்குவதில்லை. பராமரித்தால் நூறு வருஷம் சுடும். கை மாற மாற அதன் கூடவே போவது உலோகத்தில் அடித்த அந்த எண் ஒன்றுதான். அந்த எண்ணைச் சரியாக எழுதிவைத்த ஏடு ஒன்று வேண்டும். தேவைப்படுகிறவர் அந்த ஏட்டைக் கேட்டுப் பார்க்க வழியும் வேண்டும். நம் நாட்டில் ஏடு ஓரளவுக்கு உண்டாகிவிட்டது. கேட்டுப் பார்க்கும் வழி இன்னும் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஏட்டின் மதிப்பை நம் சரித்திரமே காட்டியிருக்கிறது. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனி என்ற ஆயுத வியாபாரிகளுக்குக் கப்பலில் வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுக்க அவர்களுடைய குமாஸ்தா போனார். மொத்தம் 202 பெட்டி. 192 பெட்டி கிடங்குக்கு வந்து சேர்ந்தது. மீதிப் பத்துப் பெட்டியும் வரவில்லை, குமாஸ்தாவும் வரவில்லை. அந்தப் பத்தில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. வங்கப் புரட்சியாளர்களின் கைக்கு அவை போய்ச் சேர்ந்த கதை பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத விஷயம் வேறு. ஒவ்வொரு மவுசரிலும் தொழிற்சாலை எண் இருந்தது. அந்த எண்கள் கம்பெனியின் ஏட்டில் இருந்தன. அதனால் பிற்பாடு எங்கே ஒரு மவுசர் பிடிபட்டாலும் இது ரோடா சரக்கா என்று போலீசார் உறுதியாகச் சொல்ல முடிந்தது. ரௌலட் தலைமையிலான குழு 1918-இல் கொடுத்த அறிக்கையில் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருக்கிறது: 44 துப்பாக்கிகள் ஒன்பது குழுக்களுக்குப் பிரிந்து போயின, 54 சம்பவங்களில் அவை பயன்பட்டன, 31 திரும்பக் கிடைத்தன. அந்தப் போராளிகளின் நியாயம் வேறு விவாதம். திருடுபோன ஐம்பது இரும்புத் துண்டுகளை நான்கு வருஷம் கழித்து இப்படி எண்ணிக் கணக்குச் சொல்ல முடிந்ததே, அதற்கு ஒரு வியாபாரி எழுதிவைத்த எண்கள்தான் ஆதாரம்.

எண் இருந்தும் ஏடு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு 1948 ஜனவரி 30 சாட்சி. காந்தியைக் கொன்ற துப்பாக்கி இத்தாலியில் செய்த பெரெட்டா. எண் 606824. நீதிமன்ற ஆவணங்களில் அந்த எண் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. கொலைக்கு இரண்டு நாள் முன்பு குவாலியரில் அது கை மாறியது வரை விசாரணை போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பு? இத்தாலிய அதிகாரி ஒருவரின் இடுப்பிலிருந்து ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் பறிபோனது என்று ஒரு கதை பலகாலமாகச் சொல்லப்படுகிறது. போர்க்களத்தில் பறிபோனதை எழுதிவைக்க யாரும் இல்லை. இந்தியாவுக்குள் வந்ததை எழுதிவைக்கவும் யாரும் இல்லை. ஆறு இலக்கமும் பளிச்சென்று கண்ணுக்குத் தெரிகிறது. அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரி மட்டும் வெறுமையாக நிற்கிறது.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 8-ஆவது பிரிவு எண்ணுக்கென்றே இருக்கிறது. துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்கக் கூடாது. எண் அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மாறாக நிரூபிக்கும்வரை, அவரே அழித்ததாகக் கொள்ளப்படும். கடைசி வரியை வாங்குகிறவர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். தெரியாமல் வாங்கினேன் என்று நிரூபிக்கிற பாரம் அவர்கள் தலையில்தான் விழும்.

எண்ணை அரத்தால் ராவிவிட்டால் அழிந்துவிடும் என்று திருடன் நினைக்கிறான். பாதிதான் சரி. எண்ணை அச்சால் ஓங்கி அடிக்கும்போது மேலே பள்ளம் விழுவதோடு, பள்ளத்துக்குக் கீழே இரும்பின் மணிகளும் நசுங்கி இறுகிப்போகின்றன. பள்ளம் போனாலும் அந்த இறுக்கம் உள்ளே தங்கியிருக்கும். தடய அறிவியல் கூடத்தில் அந்த இடத்தைக் கண்ணாடிபோல இழைத்து, செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பஞ்சில் தொட்டுத் திரும்பத் திரும்பத் தடவுவார்கள். நசுங்கிய இரும்பும் நசுங்காத இரும்பும் ஒரே வேகத்தில் அரிபடுவதில்லை. சிறிது நேரத்தில் மங்கலாக ஒரு வளைவு தெரியும், பிறகு ஒரு கோடு. அதைக் கையோடு படமெடுத்துவிட வேண்டும், தடவிக்கொண்டே போனால் தெரிந்ததும் மறைந்துவிடும். மிக ஆழமாக ராவியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. பலித்தாலும், மீண்டுவந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? மறுபடியும் ஏட்டுக்குத்தான் வர வேண்டும்.

திருட்டு நடந்தவுடன் உரிமையாளர் செய்ய வேண்டியதை லைசென்ஸின் நிபந்தனையே சொல்கிறது: துப்பாக்கியோ தோட்டாவோ தொலைந்தாலும் திருடுபோனாலும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் உடனே தெரிவிக்க வேண்டும். தோட்டாவும் அதில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இதைச் சற்று எளிதாக்கியிருக்கிறது. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால் பதிவாகும். பிரதி இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். குடகுத் தோட்ட வீட்டில் திருடுபோனதை மைசூரில் இருந்துகொண்டே அந்த நிமிடமே சொல்ல முடியும் என்பதுதான் இதன் பொருள். புகாரில் செய்த கம்பெனி, வகை, குழலின் அளவு, எண், லைசென்ஸ் எண், கட்டையில் உள்ள கீறல் வரைக்கும் எழுத வேண்டும். லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குத் தனியாக ஒரு பிரதி போக வேண்டும். மைசூர் நகரத்துக்குள் அது போலீஸ் கமிஷனர் அலுவலகம், வெளியே மாவட்ட நிர்வாகம். ஸ்டேஷனில் சொன்னது தானாக அங்கே போய்ச் சேரும் என்று இருந்துவிடக் கூடாது.

இவ்வளவு வழியிருந்தும் புகார் தாமதமாகத்தான் வருகிறது. காரணம் பயம். பத்திரமாக வைக்கவில்லை என்று லைசென்ஸை ரத்து செய்வார்களோ, நம்மையே சந்தேகப்படுவார்களோ என்ற பயம். இரண்டு நாள் தேடிப் பார்ப்போம், வேலைக்காரரிடம் கேட்போம், தோட்டத்து ஆட்களிடம் விசாரிப்போம் என்று நாள் ஓடும். அந்த இரண்டு நாளில் துப்பாக்கி இரண்டு மாநில எல்லையைத் தாண்டியிருக்கும். இதைவிட மோசம், லைசென்ஸ்தாரர் காலமான வீடு. பெரியவர் போனபின் துப்பாக்கி பரண்மேல் ஏறிவிடும். அதை ஒப்படைக்க வேண்டும், வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ. ஒருநாள் வீட்டை இடிக்கும்போது பரண் காலியாக இருக்கும். எப்போது போனது, யார் எடுத்தது, எண் என்ன, எதற்கும் பதிலிருக்காது. திருட்டு நடந்தது என்பதே தெரியாத திருட்டு இது. அக்ரஹாரத்துப் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாகி வருகிற இந்தச் சமயத்தில் எனக்கு இதுவே பெரிய கவலை.

தனியார் துப்பாக்கியை மட்டும் சொல்வது நியாயமாகாது. நாட்டில் பெரிய அளவில் களவு போனவை அரசாங்கத் துப்பாக்கிகள்தான். 1992 மே மாதம் சந்தனக் கடத்தல் வீரப்பன் கும்பல் ராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கி ஐந்து போலீசாரைக் கொன்று ஆயுதங்களை அள்ளிப்போனது. ராமாபுரம் இன்று சாமராஜநகர் மாவட்டம். அன்று மைசூர் மாவட்டம்தான். 1997-இல்தான் மாவட்டம் பிரிந்தது. அந்தக் கும்பல் மீதான வழக்குகளின் விசாரணை மைசூரில் அமைந்த தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றத்தில் நடந்ததால், இந்த ஊரில் அந்தத் தலைமுறைக்கு ஸ்டேஷனிலிருந்து பறிபோன துப்பாக்கி என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டம், போலீசாரிடமிருந்தோ படையினரிடமிருந்தோ பலவந்தமாகத் துப்பாக்கியைப் பறித்தால் குறைந்தது பத்து ஆண்டு சிறை என்று ஆக்கியிருக்கிறது. நான்கு ஆண்டு கழித்து மணிப்பூர் இனக் கலவரத்தில் ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டு ஏறத்தாழ 6000 துப்பாக்கிகள் போயின. 2025 பிப்ரவரியில் ஆளுநர் கெடு வைத்துத் திருப்பித் தரச் சொன்னபோது ஆயிரம் அளவில் வந்தன. இன்னும் திரும்பாதவற்றின் எண்கள் அரசிடம் இருக்கின்றன, துப்பாக்கிகள் ஊருக்குள் இருக்கின்றன.

கேரளக் கதை வேறு மாதிரி. 2020 பிப்ரவரியில் சட்டசபையில் வைத்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, திருவனந்தபுரம் சிறப்பு ஆயுதப்படை முகாமில் 25 இன்சாஸ் துப்பாக்கிகளையும் 12,061 தோட்டாக்களையும் காணவில்லை என்றது. மாநிலமே அதிர்ந்தது. பிறகு குற்றப்பிரிவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணியது. 660 துப்பாக்கிகளில் 647 நேரில் இருந்தன. மீதி 13 மணிப்பூரில் பணியில் இருந்த வீரர்களிடம் இருந்தன. துப்பாக்கி போகவில்லை, ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்குப் போனதை எழுதிய ஏடு சரியில்லை. தோட்டா விவகாரம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை, போலித் தோட்டாக்கள்கூடக் கிடைத்தன. பயிற்சி பெற்ற படைக்கே ஏட்டுக்கும் இரும்புக்கும் இடையே இவ்வளவு இடைவெளி விழுகிறது என்றால், மூன்றையும் எட்டையும் குழப்பிய நம் மாமாவின் புத்தகத்தில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எண்ணே இல்லாத துப்பாக்கிகளும் உண்டு. நாட்டுத் துப்பாக்கியில் எந்த எண்ணைத் தேடுவது? 2015-இல் தார்வாடில் எழுத்தாளர் எம்.எம். கல்புர்கியையும் 2017-இல் பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷையும் கொன்றது 7.65 மில்லிமீட்டர் நாட்டுக் கைத்துப்பாக்கி. இரண்டும் ஒரே துப்பாக்கி என்று கர்நாடகத் தடய அறிவியல் கூடம் கண்டுபிடித்தது தோட்டாவிலும் அதன் கூட்டிலும் பதிந்த தடங்களை வைத்து. குழலும் சுடும் ஊசியும் விடுகிற கீறல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி. ஆனால் அது சுட்ட பிறகுதான் பேசும். எண் மட்டும்தான் சுடுவதற்கு முன்பே பேசக்கூடியது.

இனி வாங்குகிறவர் பக்கம். பழைய ஸ்கூட்டர் வாங்கும்முன் அது திருட்டு வண்டியா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய வசதியில் நாமே பார்க்கலாம். பழைய கைப்பேசி வாங்கும்முன் அதன் ஐஎம்இஐ எண்ணை சஞ்சார் சாத்தியில் தட்டினால் அது முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். துப்பாக்கிக்கு இப்படி எந்தச் சாளரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கவில்லை. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் இருக்கிறது; லைசென்ஸ்தாரர் ஒவ்வொருவருக்கும் அதில் தனி அடையாள எண் உண்டு. கெடுவைப் பலமுறை நீட்டி, 2020 ஜூன் 29-க்குப் பிறகு அந்த எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது என்றும் ஆக்கிவிட்டார்கள். ஆனால் அதைத் திறந்து பார்க்கிற அதிகாரம் அலுவலகங்களுக்குத்தான்.

ஆகவே சாதாரண ஆள் செய்யக்கூடியது நேரான பாதையில் போவதுதான். ஒரு லைசென்ஸ்தாரர் இன்னொருவருக்கு விற்க நினைத்தால், மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. வாங்குகிறவர்கள் இதை வீண் அலைச்சல் என்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு இருக்கிற ஒரே பரிசோதனை அந்த 45 நாள்தான். அவசரமாகப் பணம் வேண்டும், பேப்பர் அப்புறம் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். எழுந்து வந்தபின் போலீசில் சொல்லவும் வேண்டும். ஆயுதச் சட்டக் குற்றம் தெரியவந்தவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது 36-ஆவது பிரிவு.

நாடுவிட்டு நாடு போன துப்பாக்கிக்கு இன்டர்போல் ஐ-ஆர்ம்ஸ் என்ற பதிவேட்டை வைத்திருக்கிறது. தொலைந்தவை, திருடுபோனவை, கடத்தப்பட்டவை என்று உறுப்பு நாடுகளின் போலீசார் அதில் ஏற்றலாம், தேடலாம். நமக்கு அந்த வாசல் சி.பி.ஐ. அமெரிக்காவில் 1967-இல் எஃப்.பி.ஐ. தேசியக் குற்றத் தரவுத்தளத்தைத் தொடங்கியபோதே அதன் முதல் கோப்புகளில் ஒன்று திருடுபோன துப்பாக்கிகள். அதுவும் போலீசாருக்கு மட்டும்தான். ஆனால் புளோரிடா மாநிலத்தின் சட்ட அமலாக்கத் துறை தன் மாநிலத்தில் திருடுபோனதாகப் பதிவானவற்றை எண் கொடுத்து எவரும் தேடிப் பார்க்க இணையத்தில் விட்டிருக்கிறது. பெயர் தெரியாது, முகவரி தெரியாது. இந்த எண் திருட்டுப் பட்டியலில் உண்டா, இல்லையா, அவ்வளவே விடை. நமக்கும் இதுவே போதும். யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற தகவல் வெளியே போனால் ஆபத்து என்று அதிகாரிகள் தயங்குவது நியாயம். திருடுபோன துப்பாக்கி யார் வீட்டிலும் இல்லை. அதன் எண்ணை மறைத்துவைப்பதால் லாபம் திருடனுக்குத்தான்.

பழைய ஆயுதங்கள் ஏலத்துக்கு வரும்போதும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற இதே கேள்வி வருகிறது. எங்கள் ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில், 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்பு சுல்தானின் ஆயுதங்கள் மூட்டை மூட்டையாகப் போயின. 2019 மார்ச்சில் இங்கிலாந்தின் பெர்க்ஷரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த அவருடைய வெள்ளிப்பூண் துப்பாக்கி 60,000 பவுனுக்கு ஏலம் போனது. 2023-இல், 1793-94-இல் செய்த இன்னொரு வேட்டைத் துப்பாக்கி, 20 லட்சம் பவுன் மதிப்புள்ளது, பிரிட்டனை விட்டு வெளியேறாமலிருக்க அந்த அரசே தற்காலிகத் தடை போட்டது. அதில் செய்த கைவினைஞர் அசத் கான் முகமதுவின் கையெழுத்து இருக்கிறது. இருநூறு வருஷம் கழித்தும் அது மைசூரின் வேலை என்று அடையாளம் சொல்வது இரும்பில் பொறித்த அந்த எழுத்து. இப்படிப் போனவை அன்றைய வெற்றியாளர்களின் சட்டத்தில் போர்ப் பரிசு. என் கண்ணுக்குக் கொள்ளை. பறிகொடுத்தவர்கள் பக்கம் எழுதிவைத்த பட்டியல் இல்லாததால், ஏலக் கூடத்தில் நம் எதிர்ப்பு வெறும் வேண்டுகோளாக நின்றது.

திருட்டு எண்களைத் தேடும் சாளரத்தோடு இன்னும் இரண்டைக் கேட்கிறேன். 24 மணி நேரத்துக்குள் திருட்டைச் சொல்கிற லைசென்ஸ்தாரரையும் பிடிபட்டபின் சொல்கிறவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முதலாமவருக்கு லைசென்ஸ் போகாது என்று எழுத்திலேயே உறுதி தர வேண்டும். தேர்தல் வரும்போது மட்டும் எண்ணை வாசிப்பதை விட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி, புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் இரும்பைப் பார்த்து எழுத வேண்டும்.

மாமா திருத்தத்துக்கு மனுக் கொடுத்தார். ஏழெட்டு மாதம் ஆயிற்று. கடைசியில் துப்பாக்கியோடு வரச் சொன்னார்கள். கித்தான் உறையில் சுற்றி ஆட்டோவில் எடுத்துப்போனோம். அங்கிருந்த இளம் பெண் குமாஸ்தா, குழலைத் திருப்பி, கைப்பேசி விளக்கை அடித்து, இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கன்னடத்தில் உரக்கச் சொன்னார். மூன்றாவது இலக்கத்தில் நிறுத்தி, நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “எண்ட்டு” என்றார்.